என் காலுக்கு நான் போட்ட கணக்கு

என் இடது காலின் கீழ்ப்பாதிக்குக் கணக்குப் போட்டவள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஏறிவிட்டுப் போகட்டும். தன் காலைத் தானே கம்ப்யூட்டரில் வரைந்து, இழுத்து, அழுத்தி, உடைத்துப் பார்த்து, பிறகு அதே காலில் எழுந்து நின்று வகுப்பெடுப்பவர்கள் தூத்துக்குடியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

கால் போன கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இருபத்தாறு வயதில் துறைமுகச் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கன்டெய்னர் லாரி திரும்பியது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது. இதைக் கேட்டதும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே அப்படி உச்சுக்கொட்டிய ஒரு சொந்தக்காரரிடம், ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு அன்றைக்கு மானம் போயிற்று.

வீட்டில் நானும் அம்மாவும்தான். சொந்த ஊர் நாசரேத் பக்கம். அம்மா வேலைக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். பின்னல் துணியும் ரெசின் என்கிற பிசினும் சேர்ந்து இறுகினால் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் விட்டுவிடும் என்பதை, பொருளை உடைக்காமலே கம்ப்யூட்டரில் கண்டு சொல்வதுதான் தலைப்பு. "பனியன் துணியில என்ன மேடம் ஆராய்ச்சி?" என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கி, காலை விரலால் தட்டிக் காட்டினேன்.

செயற்கைக் கால் என்றால் எல்லோரும் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு முக்கியம் சாக்கெட். மிஞ்சிய காலை உள்ளே நுழைத்துக்கொள்ளும் கூடு அது. அதன் அடியில் ஒரு குழாய், குழாயின் அடியில் பாதம். அந்தக் கூட்டைச் செய்வதற்கு முதலில் மிஞ்சிய காலை, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற மாவில் அச்சு எடுப்பார்கள். அந்த அச்சின் மேல், கண்ணாடி நூலில் பின்னிய குழாய்த் துணியைக் காலுறை மாட்டுவதுபோல இழுத்து மாட்டுவார்கள். அதில் ரெசின் ஊற்றி, இறுகியதும் உள்ளே இருக்கும் மாவை உடைத்து எடுத்துவிட்டால் கூடு தயார். நெய்த துணியை இதற்குப் போட்டால் முழங்கால் வளைவில் மடிப்பு விழும். பின்னல் துணி வளைவு நெளிவு எல்லாவற்றிலும் படிந்துவிடும்.

ஆனால் அது படிகிற விதத்தில்தான் என் பிழைப்பே இருந்தது. பின்னல் துணி முழுக்கக் கண்ணி கண்ணியாக இருக்கும். நீளவாக்கில் இழுத்தால் கண்ணிகள் ஒல்லியாக நீண்டுவிடும். நூலெல்லாம் மேலும் கீழுமாக நிமிர்ந்துகொள்ளும். அந்த இடம் நீளவாக்கில் பலமாகும், குறுக்குவாக்கில் பிடிமானம் குறைந்துபோகும். காலின் அச்சு மேலே அகலம், கீழே ஒடுக்கம். எனவே ஒரே துணி மேலே ஒரு பலத்தோடும் கீழே வேறு பலத்தோடும் இறுகி நிற்கும். நான் ஒவ்வொரு கண்ணியின் வளைவையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அச்சின் மேல் அது இழுபடும்போது எப்படி நீள்கிறது, ஒன்றோடொன்று எப்படி உரசுகிறது, இறுகிய பின் எந்தத் திசையில் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டேன். கண்ணியின் வடிவம் எனக்கு முதலில் மூளையில் ஏறவில்லை. படகுச் சாமான் கடையில் நீல நைலான் கயிறு வாங்கிவந்து, நடுவீட்டில் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவில் கண்ணி போட்டுப் பின்னிப் பார்த்தேன். அம்மா அதில் தடுக்கி, "கப்பல இங்கனதான் கட்டிப் போடப் போறியா?" என்று கேட்டாள்.

இரண்டு வருடத்தில், இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்த கம்ப்யூட்டர் மாடல் தயாராகிவிட்டது. சோதனைத் துண்டுகளை இயந்திரத்தில் இழுத்து உடைத்தால், மாடல் சொன்ன இடத்தில் உடைந்தது. எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. என் காலில் இருந்த சாக்கெட்டையே மாடலில் ஏற்றினேன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்து அடியில்தான் அதிகப் பாரம் என்று காட்டியது. ஆபத்தைக் காட்டுகிற சிவப்பு கூட இல்லை, வெறும் மஞ்சள். பல வருடம் தாங்கும் என்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அது உடைந்தது. சர்ச்சில், எங்கள் பக்கத்துப் பேச்சில் கோவிலில், பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டாவது சரணத்தில் என் காலுக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாய் விரித்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் வெளியே வந்து, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என் ஜோடியைத் தேடி எடுப்பதற்குள் ஆராதனையே முடிந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், விரிசல் பின்பக்கத்தில் இருந்தது. கெண்டைச்சதை முடியும் இடத்தில், மேலிருந்து கீழாக, ஒரு விரல் நீளத்துக்கு. மாடல் அந்த இடத்தை நீலமாகக் காட்டியிருந்தது. நீலம் என்றால் ஒரு பாரமும் இல்லை என்று அர்த்தம்.

கால் செய்துகொடுக்கிற தம்பி என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஏரல் சாலையில் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் பட்டறை வைத்திருக்கிறார். "இந்தத் தடவை வந்த ரெசின் சரியில்லக்கா" என்று சொல்லிப் புதிதாக ஒன்று செய்து தந்தார். அது சில மாதம் கழித்து எங்கள் அடுப்படியில், சோறு வடித்துவிட்டுத் திரும்பும்போது உடைந்தது. அதே இடம், அதே விரல் நீளம். மூன்றாவது, என் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபிலேயே உடைந்தது. மாணவர்கள் முன்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். அன்றைக்கு நடத்தியது பாரம் எங்கே குவிகிறது என்கிற பாடம்தான். அவர்களுக்குத் தெரியாது, நல்லவேளை.

மூன்றாவது உடைந்த அன்று அம்மா ஓர் ஊன்றுகோல் வாங்கிவந்து கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். கக்கத்தில் வைத்துக்கொள்கிற, மரத்தில் செய்த நீளக் கோல்.

"இன்னொண்ணு ஒடஞ்சிதுன்னா நீ இதத்தான் எடுக்கணும். நடு ரோட்டுல ஒடஞ்சா என்ன செய்வ? பின்னால பஸ்சு வந்தா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவரை விரட்டிய நான் அம்மாவிடம் அடங்கிப்போனேன். சரி என்று சொன்னேன். சொன்ன நாளிலிருந்து அந்தக் கோல் இருக்கும் கதவைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்வரக் கற்றுக்கொண்டேன்.

அதே மாதம் ஆராய்ச்சிக் குழுவின் பரிசீலனை வந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் என் படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்க கால்ல வந்த கிராக்கையே உங்க மாடல் பார்க்கலைன்னா, வேற எதை மேடம் அது பார்க்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அடுத்த பரிசீலனைக்குள் மாடலை அந்த விரிசலைக் காட்டவைக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். ஆக, அடுத்த கால் உடைவதற்குள் காரணம் பிடிபடாவிட்டால் எனக்கு ஆராய்ச்சியும் இல்லை, காலும் இல்லை.

நூலைச் சந்தேகப்பட்டேன். கண்ணியைச் சந்தேகப்பட்டேன். கண்ணிகள் உரசும் அளவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் நீலமாகவே இருந்தது. கடைசியில் நடையைச் சந்தேகப்பட்டேன். நடக்கும்போது கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, பாரம் எந்தப் பக்கமாக விழுகிறது என்கிற அளவுகளை நான் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்திருந்தேன். என் நடை அப்படித்தானா என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. சமமான தரை வேண்டும். எங்கள் தெருவில் சமமான இடம் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. எங்கள் வீட்டு மொசைக் தரைதான் இருப்பதிலேயே சமம்.

ஒரு சனிக்கிழமை காலையில் போனை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். தம்பி ஒட்டுப்போட்டுக் கொடுத்திருந்த மூன்றாவது காலை மாட்டிக்கொண்டேன். கல்லூரிக்குப் போகும்போது போடுகிற, ஓர் அங்குலக் குதி வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலிலிருந்து நடுவீடு வழியாக அடுப்படி வரைக்கும் நடக்க ஆரம்பித்தேன். பாதி தூரம் போயிருப்பேன்.

"ஏளா! செருப்போட எங்க வார?"

அடுப்படி வாசலில் அம்மா கரண்டியோடு நின்றிருந்தாள்.

"ஆராய்ச்சி பண்ணுதேம்மா. நடைய வீடியோ எடுக்கேன்."

"ஆராய்ச்சின்னா நடுவீட்டுக்குள்ள செருப்போட வரச் சொல்லுதாவளா ஒங்க காலேஜில? இப்பதான் தொடச்சுப் போட்டேன். மொதல்ல கழத்திப் போட்டுட்டு வா!"

நான் பதிலுக்குக் கத்தினேன். அவளும் விடவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றி வாசலை நோக்கி எறிந்துவிட்டு, தம் தம் என்று வெறுங்காலோடு அடுப்படி வரைக்கும் நடந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

கோபம் ஆறியபின் அதைப் போட்டுப் பார்த்தேன். முதல் பாதியில், செருப்போடு, குழாய் செங்குத்தாக நின்றது. புத்தகத்தில் இருந்த அளவுதான். இரண்டாம் பாதியில், செருப்பில்லாமல், குழாய் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு அடியிலும் என் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கூட்டுக்குள் இருந்த மிச்சக் கால், பின்சுவரின் அடியைப் போய் இடித்தது. விஷயம் இவ்வளவுதான்: தம்பி என் பாதத்தைச் செருப்பின் ஓரங்குலக் குதிக்கு ஏற்றபடிச் சரிசெய்து மாட்டியிருந்தார். செருப்பைக் கழற்றினால் அந்த ஓரங்குலம் போய்விடுகிறது. குதி கீழே இறங்குகிறது, கால் முழுவதும் பின்னால் சாய்கிறது.

மூன்று காலும் உடைந்த இடங்களை நினைத்துப் பார்த்தேன். கோவில். அடுப்படி. கம்ப்யூட்டர் லேப். தூசி போகக் கூடாதென்று எங்கள் லேபில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் பலகையே தொங்குகிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக நான் தினமும் அந்தப் பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் உட்கார்ந்து, செருப்புப் போட்ட காலுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்!

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அம்மா பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். என் முட்டாள்தனத்தை எப்படிச் சொல்வது? நடக்கப் பழகிய நாளிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். அதை ஒரு செயல் என்றே நான் நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா? புத்தகத்தில் நடக்கிறவன் படுக்கையறை வரைக்கும் ஷூவோடு போகிறவன். அவன் நடையை எடுத்து என் காலுக்கு மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை லேபில் உட்கார்ந்து, வீடியோவிலிருந்து எடுத்த வெறுங்கால் கோணத்தை மாடலுக்குக் கொடுத்தேன். துணியை மாற்றவில்லை, கண்ணியை மாற்றவில்லை, ரெசினை மாற்றவில்லை. கணக்கு மத்தியானம் வரைக்கும் ஓடியது. படம் வந்தபோது, பின்பக்கம், கெண்டைச்சதை முடியும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. துணி நீளவாக்கில் அதிகமாக இழுபட்டு, குறுக்கே பிடிமானம் குறைந்துபோன அதே இடம். ஒரு கையைத் திரையில் வைத்தேன். இன்னொரு கையால் சேலைக்கு மேலாக என் காலின் ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தேன். அழுகை வந்தது. நான் பின்னிய கண்ணிகள் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன். என் மாடலை நினைத்து எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கினாலும் வந்திருக்காது.

மறுநாளே ஏரல் சாலைப் பட்டறைக்குப் போய் நின்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, எல்லாருக்கும் அந்த எடத்துலதான் போவுது. நான் ரெசினத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பின்னால் போய் ஒரு சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து தரையில் கொட்டினார். பழைய சாக்கெட்டுகள், ஒன்பது. ஒவ்வொன்றாக எடுத்து இது யாருடையது என்று சொன்னார். ஒன்று உப்பளத்தில் வேலை செய்கிறவருடையது. ஒன்று, முன்பு சங்கு குளித்துக்கொண்டிருந்து இப்போது கரையில் படகுகளுக்குக் காவல் இருக்கிற அண்ணாச்சியுடையது. ஒன்று பரோட்டா மாஸ்டருடையது. எட்டில் விரிசல் பின்பக்கம், கீழே, மேலிருந்து கீழாக. ஒன்பதாவதில் மட்டும் முன்பக்கத்து அடியில் கீறல் இருந்தது.

"இது யாரு?"

"கப்பல்ல ஆபீசரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அவரு வீட்டுக்குள்ளயும் ஷூ போட்டுத்தான் நடப்பாரு. அவுக வீட்டம்மா சண்டை போட்டு ஓஞ்சுபோயிட்டாவ."

என் பழைய கணக்கு காட்டிய இடம் அதுதான். முன்பக்கம், அடியில். அந்தக் கணக்கும் தப்பில்லை. ஊரில் ஒரே ஒருவருக்கு அது சரியாக இருந்திருக்கிறது.

நாலாவது காலை இருவரும் சேர்ந்து செய்தோம். சேர்ந்து என்றால் சண்டை போட்டுக்கொண்டே. துணியை அச்சில் மாட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மார்க்கர் பேனாவால் சின்னச் சின்னச் சதுரங்கள் வரைந்தேன். இழுத்த பின் சதுரம் எவ்வளவு நீளமாகிறது என்று அளந்தால், கண்ணி எவ்வளவு நீண்டது என்று தெரிந்துவிடும்.

"என்னக்கா, கோலமா போடுதிய?" என்று தம்பி கேட்டார். கேட்டுவிட்டு வழக்கம்போலத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சுருக்கமே இல்லாமல் மாட்டுவதில் அவருக்கு அவ்வளவு கர்வம். சதுரமெல்லாம் பட்டையாக நீண்டுபோயின.

"இவ்வளவு இழுத்தா பின்னால குறுக்குப் பலமே நிக்காது தம்பி" என்றேன்.

"இழுத்தாத்தான் சுருக்கம் போவும். சுருக்கம் விழுந்தா உள்ள குத்தும். பொறவு நீங்கதான் வந்து என்னத் திட்டுவிய."

அவர் சொன்னதும் சரிதான். சுருக்கம் விழுந்த சாக்கெட் தோலைக் கிழித்துவிடும். அவர் இழுப்பது இழுக்கட்டும் என்று விட்டுவிட்டு, பின்பக்கத்துக்கு மட்டும் அதே துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, குறுக்காகத் திருப்பி, துணியின் இரண்டு அடுக்குக்கு நடுவில் வைப்போம் என்றேன். நூல்கள் காலைச் சுற்றி ஓடும். விரிசல் திறக்கப் பார்த்தால் அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எந்த உயரத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு அகலம் என்பதை மாடல் சொல்லியிருந்தது. ஆனால் துண்டின் ஓரம் மேடாக நிற்கும் என்பதை அது சொல்லவில்லை. தம்பி அந்தத் துண்டை வாங்கி, ஓரத்தில் நாலைந்து வரிசை நூலைப் பிரித்துவிட்டு, தலைமுடிபோலச் சிலும்பிய நூல்களை விரலால் நீவிப் படுக்கவைத்தார். மேடு காணாமல் போயிற்று. இதை மாடலில் ஏற்ற எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஏற்றிப் பார்த்தால், அவர் செய்தது நான் நினைத்ததைவிட நல்லது என்று தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன். ஒரு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பாதத்தையும் ஓரங்குலத்துக்கு மாட்டாமல், அரை அங்குலத்துக்கு மாட்டினோம். கழற்றினாலும் போட்டாலும் சாய்வு பாதியாகிவிடும். எங்கள் ஊர்க் காலுக்கு இரண்டு கணக்கும் வேண்டும். ஒரு நாளில் எத்தனை வாசலில் கழற்றி, எத்தனை வாசலில் போடுகிறோம்!

அந்தக் காலோடு முதல் முறை கோவிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையை மறக்கமாட்டேன். பாட்டுக்கு எழுந்து நின்றதும் பக்கத்தில் இருந்த பெண்கள் மெதுவாகப் பாடினார்கள். என் காலுக்குக் காது கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அம்மா பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நான்கு சரணமும் முடிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. கடைசிச் சரணத்தை நான் சுருதியெல்லாம் பார்க்காமல் உரக்கப் பாடினேன்.

அடுத்த பரிசீலனை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதம் கழித்து வந்தது. ஒட்டு எதுவும் இல்லாமல், அதே நாலாவது காலில் நின்று பேசினேன். லேபில்தான் கூட்டம். செருப்பில்லாத கணக்கைக் காட்டி, சிவப்புக் கோட்டைக் காட்டினேன். வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"மேடம், போன தடவை மாடல் கிராக்கைக் காட்டலை. இந்தத் தடவை லோடை, பாரம் விழற விதத்தை, மாத்திக் காட்ட வச்சிருக்கீங்க. கிராக் எங்கேன்னு தெரிஞ்ச பிறகு அதுக்கு ஏத்த மாதிரி லோடை மாத்தினா யாருக்கும் வரும். உலகம் முழுக்க ஷூ போட்ட நடையைத்தானே ஸ்டாண்டர்டா எடுக்கிறாங்க?"

தம்பியிடம் கேட்டு வாங்கிவந்த சாக்கு மூட்டையை மேசை மேல் கொட்டினேன். ஒன்பது சாக்கெட்டும் உருண்டன. ஒவ்வொன்றும் எந்த வேலை பார்க்கிறவருடையது, அவர் வெறுங்காலோடு நடப்பது எங்கெங்கே என்று சொன்னேன். கப்பல் ஆபீசருடையதைத் தனியாக எடுத்துப் பேராசிரியர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"சரி. அப்படியே இருந்தாலும், வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போட்டுக்கங்கன்னு சொல்லிட்டா போச்சே. இதுக்கு ஒரு மாடல் எதுக்கு?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசியதை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

"சார், உங்க ஷூ எங்கே?" என்று கேட்டேன்.

அவர் கீழே குனிந்து பார்த்தார். குழுவில் இருந்த மற்ற இருவரும் பார்த்தார்கள். மூன்று பேர் காலிலும் காலுறை மட்டும்தான் இருந்தது. அவருடையதில் கட்டைவிரல் பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை. ஷூக்கள் மூன்று ஜோடியும் வெளியே, பலகைக்குக் கீழே, வரிசையாகக் கிடந்தன. யாரும் சொல்லாமலே கழற்றிவிட்டு வந்திருந்தார்கள்.

முதலில் சிரித்தது அவர்தான். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்து, வெறுங்கால் நடையை இரண்டாவது லோடாகச் சேர்த்துக்கொள்ளலாம், இந்த ஒன்பது சாக்கெட்டையும் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதவும் என்று குறித்தார். போகும்போது வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "முப்பது வருஷமா லோடு பத்திப் பாடம் நடத்துறேன் மேடம்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அம்மாவைக் காணோம். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அன்றுதான் திரும்பிப் பார்த்தேன். ஊன்றுகோலையும் காணோம்.

பின்வாசலுக்குப் போனேன். அம்மா முருங்கை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலின் நுனியில் ஒரு சின்ன அரிவாளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உயரக் கிளையில் இருந்த காயை அதை வைத்து அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். காலடியில் ஏழெட்டுக் காய்கள் கிடந்தன. கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தால் இன்றைக்கு நேற்றுக் கட்டியதாகத் தெரியவில்லை.

"ம்மா, அது எனக்கு வாங்குனதுல்லா?" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒனக்கு எதுக்குளா அது?" என்றாள். அடுத்த காய்க்குக் கோலை நீட்டிக்கொண்டே, "அந்தக் கூடைய எடுத்துட்டு வா. செருப்பப் போட்டுட்டு வா, முள்ளு கெடக்கு" என்றாள்.

வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன்.